லாஸ்பேட்டை கேமிங் சென்டர்ல பிவிபி பேட்ச்: 4 வாரம், 1 நோட்டு, கணக்கில்லாத சாவு

36 வயசுல மொத தடவ கேம் ஆட மவுஸ புடிச்சு எட்டாவது படிக்கற பசங்க கிட்ட அடி வாங்கின ஒருத்தன் எழுதற ரிவ்யூ இது, அத மனசுல வச்சுகிட்டு படிங்க. பிவிபின்னா கம்ப்யூட்டர் கூட இல்லாம நெஜ ஆளும் ஆளும் மோதிக்கற ஆட்டம். கடை பேரு போடல. போடட்டுமான்னு கேட்டதுக்கு ஓனர் அண்ணனே "வேணாம் தம்பி, சனிக்கிழமை ஏற்கனவே சீட்டு இல்லாம பசங்க படிக்கட்டுல உக்காந்துகினு இருக்காங்க"ன்னுட்டாரு. ஹெலிபேட் மைதானம் பக்கம் போற வழியில மாடி மேல இருக்கு, கீழ ஒரு ஜெராக்ஸ் கடை, லாஸ்பேட்டை ஆளுங்களுக்கு இது போதும்.

எப்படி அங்க போய் மாட்டினேன்னா, எங்க அக்கா பையன் போன லீவுல மஞ்சக்குப்பத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்தான், பத்தாவது படிக்கறான், கூடவே அவன் லேப்டாப்பும் வந்துச்சு. வேலரன்ட்னு அஞ்சுக்கு அஞ்சு பேரு சுட்டுக்கற கேம், அத அவன் ஆடறத பாத்துட்டு நானும் ஒரு கை பாக்கறேன்னு உக்காந்தேன். நாலு மேட்ச்ல மொத்தமா மூணு பேர சுட்டிருப்பேன், அதுல ஒருத்தன் நெட்டு போயி நின்னுட்டு இருந்தவன். "மாமா, நீங்க பாட் மாதிரி ஆடறீங்க மாமா"ன்னான். பாட்னா கம்ப்யூட்டரே ஆடற பொம்மைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சரி நம்ம சிஸ்டத்துலயே ஏத்தி ராத்திரில பழகலாம்னு பாத்தா, அந்த கேமுக்கு வேன்கார்டுன்னு ஒரு ஆன்டி சீட், அதாவது திருட்டாட்டத்த புடிக்கற காவக்காரன், இருக்கு, விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருந்தாதான் உள்ளயே விடும், என் பழைய டப்பால பயாஸ் எல்லாம் தடவி பாத்தும் வேலைக்காவல. அப்பதான் ஆபீஸ்ல ஒருத்தர் இந்த இடத்த சொன்னாரு, புதுசா ஆடறவங்களுக்குன்னே தனி பேட்ச் போடறாங்க, எதிர்ல நெஜ ஆள் நின்னா எப்படி ஆடணும்னு மட்டும் சொல்லி குடுப்பாங்கன்னு.

ஃபீஸ் 2400 ரூபா, 8 கிளாஸ், ஒவ்வொண்ணும் 2 மணி நேரம், சனி ஞாயிறு. சும்மா போய் ஆடினாலே அங்க மணிக்கு 60 ரூபா, அப்ப 16 மணி நேரத்துக்கு 960 போக மிச்சம் 1440தான் சொல்லி குடுக்கறதுக்கு. மொதல்ல எனக்கு இது அதிகமா பட்டுச்சு, இப்ப படல, ஏன்னு கீழ வரும்.

கடலூர்ல இருந்து போறவங்களுக்கு ஒண்ணு, சாயங்கால பேட்ச்ல தயவுசெஞ்சு சேராதீங்க. நான் மொத வாரம் அந்த தப்ப பண்ணேன். சனிக்கிழமை சாயங்காலம் முள்ளோடைய தாண்டறதே தனி பிவிபி, ரெண்டு பக்கமும் சரக்கு வாங்க வண்டிய நிறுத்தி வச்சிருப்பாங்க, அங்க இருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஊந்து ஊந்து போய் சேரும்போது கிளாஸ் பாதி முடிஞ்சிருச்சு. மறுநாள்ல இருந்து காலை 10 மணிக்கு மாத்திகிட்டேன். பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி டெம்போ ஏறினா நேரா போயிடலாம்.

மொத நாள் போனா நான் என்னமோ போர்டு வச்சு பாடம் எடுப்பாங்கன்னு நெனச்சேன். ஓனர் அண்ணன் கையில ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா குடுத்தாரு. "டெத்மேட்ச் போடுங்க, போய் சாவுங்க, ஒவ்வொரு தடவ செத்ததும் இதுல எழுதுங்க"ன்னாரு. அவ்ளோதான் பாடம். டெத்மேட்ச்னா 14 பேரு உள்ள இருப்பாங்க, டீம் கிடையாது, யாரு மொதல்ல 40 பேர சுடறாங்களோ அவன் ஜெயிச்சான், செத்தா உடனே வேற எடத்துல முளைப்போம். நோட்டுல மூணு கட்டம் போடணும்: எங்க செத்தேன், சுட்டவன் எந்த பக்கம் இருந்து வந்தான், அந்த நேரம் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன். என்னோட மொத பக்கத்துல இருந்து அப்படியே எடுத்து போடறேன், மார்க்கெட், ஏ மெயின் எல்லாம் மேப்ல இருக்கற எடத்து பேரு, சிரிக்காதீங்க:

நடு. இடது. ரீலோட்.
மார்க்கெட். பின்னாடி. ஓடிட்டே சுட்டேன்.
தெரியல. தெரியல. மேப் பாத்துட்டு இருந்தேன்.
ஏ மெயின். எதுர்ல. கத்தி கையில.
நடு. இடது. ரீலோட்.

இந்த நோட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னாரு, ரிவ்யூக்கு சம்பந்தம் இல்லன்னாலும் எனக்கு புடிச்சிருந்துச்சு, அதனால எழுதறேன். அவரு பல வருஷம் ராத்திரி ராத்திரி ஈவ் ஆன்லைன் ஆடினவரு. ஐஸ்லாந்து கம்பெனி ஒண்ணு 2003ல விட்ட கேம், விண்வெளில கப்பல் ஓட்டறது. அதுல கப்பல் வெடிச்சா போனது போனதுதான், இன்ஷூரன்ஸ்னு கொஞ்சம் வரும், மத்தபடி மாசக்கணக்கா சேத்தது அஞ்சு நிமிஷத்துல சாம்பல். அதனால புதுசா வர்றவன் பயந்துகிட்டு ஸ்டேஷன விட்டே வெளிய வர மாட்டான். பழைய ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா ஃப்ரிகேட்னு சொல்ற சின்ன சைஸ் கப்பல் பத்து இருபது இனாமா குடுத்து, போ, போய் வெடிச்சிட்டு வா, தீந்தா சொல்லு, இன்னும் தர்றேன்னு அனுப்புவாங்களாம். இவருக்கு மொத சண்டையில கை நடுங்கி மவுஸே வழுக்கிடுச்சாம், எட்டாவது கப்பல்லதான் நடுக்கம் நின்னுச்சாம். "கப்பல் வெடிச்சதும் கில்மெயில்னு ரசீது மாதிரி ஒண்ணு வரும் தம்பி, எவன் அடிச்சான், எதால அடிச்சான், நம்ம கப்பல்ல இன்னா இன்னா மாட்டியிருந்தோம் எல்லாம் அதுல இருக்கும், பெரிய ஆளு கிட்ட காட்டினா இங்க தப்புன்னு விரல் வச்சு காட்டுவான்"னாரு. வேலரன்ட்லயும் செத்தா காம்பேட் ரிப்போர்ட்னு வருது, எத்தன குண்டு எங்க பட்டுச்சுன்னு சொல்லும், ஆனா அப்ப நீ என்ன பேய் வேல பண்ணிட்டு இருந்தன்னு அது சொல்லாது. அதுக்குத்தான் நோட்டு.

என் கணக்குல 1440 ரூபாய்க்கு அங்க கிடைக்கறது இதுதான். சாகறத மலிவாக்கி குடுக்கறாங்க. வீட்ல தனியா ஆடினா ஒவ்வொரு சாவுக்கும் மானம் போவும், அஞ்சு பேரு மைக்ல திட்டுவான், பத்து மேட்ச்ல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிடுவோம். இங்க கூட உக்காந்திருக்கற ஆறு பேரும் அதே மாதிரி செத்துகிட்டு நோட்டுல எழுதிட்டு இருக்கான், பரீட்ச ஹால் மாதிரி இருக்கும், ஒருத்தர் ரிட்டயர்டு ஆளு வேற, என்ன விட கம்மியாதான் செத்தாரு.

ரெண்டாவது நாள்ல இருந்து கிளாஸ் எடுக்கறது ஒரு காலேஜ் பொண்ணு, வில்லியனூர்ல இருந்து வண்டில வருது. மொத்த சென்டர்லயே பெஸ்ட் இந்த பொண்ணுதான், அது இல்லாத நாள் போனா பாதி காசு வேஸ்ட். என் நோட்ட வாங்கி ஒரு நிமிஷம் பாத்துச்சு. "அண்ணா, எத்தன குண்டு மிச்சம் இருக்கும்போது ரீலோட் பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்கு தெரியல. பக்கத்துலயே நின்னு பாத்துச்சு. ஒருத்தன சுட்டு விழுத்தினதும் என் விரல் தானா ஆர் பட்டனுக்கு போவுது, வேண்டல்னு ஒரு துப்பாக்கி, அதுல 25 குண்டு, நான் அப்பதான் ஆறோ ஏழோ சுட்டிருக்கேன், 18 குண்டு சும்மா உள்ள இருக்கு. ரீலோட் ஆக 2.5 செகண்ட். பக்கத்துல இருக்கற இன்னொருத்தன் சத்தம் கேட்டு வர அதுக்கு மேல டைம் எதுக்கு. அன்னிக்கு நோட்ட எண்ணி பாத்தா 31 சாவுல 11 ரீலோட் சாவு. நானா வாங்கிக்கிட்டது, எதுர்ல ஆடறவன் தெறம ஒண்ணும் இல்ல அதுல.

அப்புறம் ஒரு கிளாஸ் முழுக்க துப்பாக்கியே சுட விடல. அசென்ட்னு ஒரு மேப்ப கஸ்டம்ல போட்டு, எதிரி யாரும் இல்லாம, 20 நிமிஷம் சும்மா நடக்க விட்டுச்சு. ஒவ்வொரு மூலைலயும் ஆள் நின்னா தலை எங்க இருக்குமோ அங்க க்ராஸ்ஹேர, அதாவது ஸ்க்ரீன் நடுவுல இருக்கற குறிய, வச்சுகிட்டே நடக்கணும், கோலத்துக்கு புள்ளி வைக்கற மாதிரி, மூலைக்கு ஒரு புள்ளி. நான் பழக்க தோஷத்துல தரையவே பாத்துட்டு நடக்கறேன், ரோட்ல குழி பாத்து நடந்த ஊர்க்காரன் வேற எப்படி நடப்பான். கணக்கு சொல்லி புரிய வச்சுது: பெரிய ஷீல்டு போட்டா உயிர் 150. வேண்டல் தலைல பட்டா 160, ஒரே குண்டு, முடிஞ்சுது. ஒடம்புல பட்டா 40, நாலு குண்டு வேணும். கால்ல 34, அஞ்சு வேணும். தரைய பாத்துட்டு போறவன் ஆளப் பாத்ததும் மவுஸ மேல தூக்கற நேரத்துல அவன் வேலைய முடிச்சிருப்பான். இத நான் யூட்யூப்ல பத்து தடவ கேட்டிருப்பேன், அந்த 20 நிமிஷம் நடந்தப்பதான் மண்டைல ஏறிச்சு.

ஓடிகிட்டே சுடறதும் அப்படித்தான், இந்த கேம்ல ஓடிட்டே சுட்டா குண்டு கண்ட பக்கம் போவும், ஓடிட்டே ஊசில நூல் கோக்கற கதை. நின்னுட்டு சுடணும், இல்ல எதிர் பக்க கீய ஒரு தட்டு தட்டி நிறுத்திட்டு சுடணும். அதுக்கு ப்ராக்டிஸ் ரேஞ்சுல இருக்கற பொம்மைங்க போதும், ஆனா பொம்மைங்க கிட்டயே இருந்துட்டா நெஜ ஆளு முன்னாடி கை வராதுன்னு 10 நிமிஷத்துக்கு மேல அங்க விடல.

மூணாவது கிளாஸ்ல நடந்தது தான் மறக்காது. அன்னிக்கு எனக்கு 3ம் நம்பர் சீட்டு. காலடி சத்தம் கேட்டு திரும்பறது எப்படின்னு பாடம். ஓடினா சத்தம் கேக்கும், ஷிஃப்ட் புடிச்சு நடந்தா கேக்காது, அத வச்சு எங்க வர்றான்னு புடிக்கணும். நான் கரெக்டா சத்தத்த கேட்டு டக்னு திரும்பறேன், முதுகுல சுடறான். திரும்ப கேட்டு திரும்பறேன், திரும்ப முதுகுல. ஒரு மணி நேரம் இதேதான். எனக்கு காதுல ஏதோ கோளாறுன்னே முடிவு பண்ணிட்டேன், ஜிப்மர் போவலாமான்னு யோசன வேற. அந்த பொண்ணு நோட்ட பாத்துச்சு, "பின்னாடி, பின்னாடி, பின்னாடி"ன்னு 14 வரி. மூஞ்ச பாத்துச்சு. "அண்ணா, ஹெட்செட்ட திருப்பி மாட்டியிருக்கீங்க." அந்த ஹெட்செட்ல மைக் எப்பவோ ஒடஞ்சு போச்சு, எல் ஆர்னு போட்டிருந்த எழுத்தும் தேஞ்சு போச்சு, எது எடது எது வலதுன்னு தெரிய வழியே இல்ல. இடது சத்தம் வலது காதுல கேட்டுகிட்டு நான் ஊருக்கு முதுக காட்டிட்டு நின்னிருக்கேன். நோட்டு இல்லன்னா நான் இன்னிக்கு வரைக்கும் காது மேலதான் பழி போட்டிருப்பேன். அதே சமயம் இது கடை மேல என் முக்கியமான கம்ப்ளெயின்ட்டும்தான், 2400 வாங்கறீங்க, ஹெட்செட்ட மாத்துங்கய்யா. காது பஞ்சு எல்லாம் உரிஞ்சு கருப்பா காதுல ஒட்டுது, வேர்வ நாத்தம். சொந்த ஹெட்செட் எடுத்துட்டு போங்க.

குறைன்னு ஆரம்பிச்சாச்சு, முடிச்சுடறேன். 7ம் நம்பர் சீட்டுல உக்காராதீங்க, மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்தான், ஆனா விண்டோஸ் செட்டிங்ல 60ல நிக்குது, நான் மாத்தி வச்சாலும் அடுத்த வாரம் போனா திரும்ப 60. எல்லாமே இழுத்துட்டு ஓடற மாதிரி இருக்கும். கரன்ட் போனா சிஸ்டம் எல்லாம் யூபிஎஸ்ல நிக்குது, ஆனா ரூட்டர் யூபிஎஸ்ல இல்ல, எந்த புண்ணியவான் ஒயரிங் பண்ணானோ, ஸ்க்ரீன் ஜம்முனு எரியும், நெட்டு மட்டும் இருக்காது, மேட்ச் பாதில போனதுக்கு கேம் நம்மளத்தான் தண்டிக்கும். அண்ணன் கிட்ட ரெண்டு தடவ சொன்னேன், "பண்ணிடலாம் தம்பி"ங்கறாரு. கரன்ட் இருக்கும்போது நெட்டு பரவால்ல, மும்பை சர்வருக்கு பிங், அதாவது போயிட்டு வர்ற மில்லிசெகண்ட், முப்பது நாப்பதுதான் வந்துச்சு, கம்மியா இருந்தா நல்லது. ஏசி சொட்டும், 1ம் நம்பர் மேல. மூணாவது வாரம் சனிக்கிழமை பெரிய டீம் மேட்ச் வீடியோ போட்டு காட்டறாங்க, ரெண்டு மணி நேரம், அது அந்த பொண்ணு வராத நாளு, சைக்கிள் பழகறவனுக்கு விமானம் காட்டின மாதிரி இருந்துச்சு, நான் பாதில எந்திரிச்சு போய் வடை சாப்ட்டேன்.

அதுக்கு மறுநாள் காசு பாடம், கேமுக்குள்ள துப்பாக்கி வாங்கற காசு, இது நல்லா இருந்துச்சு. மொத ரவுண்டுல கையில 800தான், தோத்தா 1900 வரும், தொடர்ந்து தோத்தா 2400, 2900ன்னு ஏறும், ஜெயிச்சா 3000. வேண்டல் 2900, பெரிய ஷீல்டு 1000. புதுசா ஆடறவன் என்ன பண்ணுவான், கையில இருக்கறத எல்லாம் அப்பப்ப அரைகுறையா செலவு பண்ணிட்டே இருப்பான், ஒரு ரவுண்டுலயும் முழுசா நிக்க மாட்டான். வாங்கினா அஞ்சு பேரும் வாங்கணும், இல்லன்னா அஞ்சு பேரும் பல்ல கடிச்சுட்டு அந்த ரவுண்ட விடணும். இது எங்க வீட்டம்மா சீட்டு கட்டற புத்தி, எனக்கு சட்டுனு புரிஞ்சிருச்சு, கூட இருந்த காலேஜ் பசங்களுக்குத்தான் ஏறல. அண்ணன் கப்பல் கதையும் இங்க வந்து சேந்துச்சு, போனா போகட்டும்னு இருக்கறத மட்டும் எடுத்துட்டு சண்டைக்கு போன்னு அவரு எப்பவும் சொல்ற பேச்சு.

மைக்ல பேசறதுக்கு தனியா ஒரு கிளாஸ். "டேய் அங்க அங்க அங்க"ன்னு நான் கத்தறத ரெக்கார்டு பண்ணி போட்டு காட்டினாங்க, செத்துட்டேன் வெக்கத்துல. எங்க, எத்தன பேரு, எவ்ளோ அடி வாங்கியிருக்கான், அவ்ளோதான் பேசணும். "ஏ மெயின், ரெண்டு பேரு, ஒருத்தனுக்கு 80 அடி." அப்புறம் வாய மூடணும், ஏன்னா மத்தவங்க காலடி கேக்கணும். அதே கிளாஸ்ல மியூட் பண்றது எப்படின்னும் காட்டிச்சு, ஒரு தடவ இல்ல, பத்து தடவ பண்ண வச்சுது, துப்பாக்கி மாத்தற வேகத்துல மியூட் பண்ணனும்னு. "என் குரல் கேட்டாலே சமையல் பண்ண போன்னு ஆரம்பிப்பானுங்கண்ணா, ரெண்டாவது வார்த்தைக்கு நான் விட மாட்டேன்"னுச்சு, சாதாரணமாதான் சொல்லுச்சு, கையில ஸ்ட்ராவோட. பதிலுக்கு திட்டினா அந்த ரவுண்டுல நம்ம காது அவன் கிட்ட இருக்கும், எதிரி கிட்ட இருக்காதாம்.

மொபைல் ஆடறவங்களுக்கு ஹால்ல அந்த பக்கம் பிஜிஎம்ஐன்னு போன்ல சுடற கேமுக்கு பேட்ச் ஓடுது, ஜைரோ வச்சு போன ஆட்டி ஆட்டி சுடறாங்க, டிடிஎம்னு டீமா மோதற ஆட்டத்துல வேர்ஹவுஸ் மேப்ப போட்டு திரும்ப திரும்ப சாவ விடறாங்க, அங்கயும் நோட்டுதான். நான் ஆடல, அதனால அது பத்தி எழுதல.

அக்கா போன்ல மொதல்ல கேட்டது "இதுல காசு கட்டி ஆடறாங்களாடா?"ன்னுதான். இல்ல. 2025ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணது பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டங்கள, இ-ஸ்போர்ட்ஸ, அதாவது போட்டியா ஆடற வீடியோ கேம, அது தனியா பிரிச்சு அங்கீகாரம் குடுத்திருக்கு. இங்க பந்தயம் கட்டி ஆடினா வெளிய போங்கன்னு கவுன்டர்லயே எழுதி ஒட்டியிருக்கு, ஒரு பையன அண்ணன் நெஜமாவே அனுப்பினதையும் பாத்தேன். சின்னப் பசங்கள ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார விடறதில்ல. தொடர்ந்து ரெண்டு மேட்ச் தோத்தா எந்திரிச்சு கீழ போய் தண்ணி குடிச்சுட்டு வரணும், பெரியவங்களுக்கும் அதே ரூல், நான் நிறைய தண்ணி குடிச்சேன்.

ரிசல்ட் கேப்பீங்க. ராங்க் ஆட அக்கவுன்ட் லெவல் 20 ஆகணும், நாலாவது வாரத்துக்கு அப்புறம்தான் ஆச்சு, கிடைச்ச ராங்க் அயர்ன் 3. கேமுக்கு தெரிஞ்ச ஆளுங்க இத படிச்சு சிரிப்பீங்க, அயர்ன்தான் கடைசி கூடை. ஆனா கடைசி கிளாஸ்ல நான் மட்டும் மிச்சம், எதுர்ல ரெண்டு பேரு, ஸ்பைக்னு சொல்ற குண்டு வச்சாச்சு, மொத வாரமா இருந்தா வேர்வைல மவுஸ் நழுவியிருக்கும். அன்னிக்கு ஒருத்தன சுட்டேன், விரல் ஆர் கிட்ட போச்சு, நிறுத்தினேன், 19 குண்டு இருந்துச்சு, காது குடுத்தேன், இடது பக்கம் காலடி, ஹெட்செட் இந்த தடவ என்னோடது. திரும்பினேன். ரெண்டாவது ஆளும் விழுந்தான். பின்னாடி நின்ன ரிட்டயர்டு சார் தோள்ல ஒரு தட்டு தட்டினாரு, வலிச்சுது.

ஏற்கனவே ஒரு வருஷம் ஆடி கோல்டு, பிளாட்டினம்னு இருக்கறவங்க இதுக்கு காசு குடுக்க வேணாம், உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல. ஆரம்பிக்கவே பயமா இருக்கு, திட்டுவாங்க, அசிங்கமா போவும்னு இருக்கறவங்க மொத ரெண்டு வாரத்துக்காவே போலாம். 5க்கு 4 குடுக்கறேன், அந்த ஒண்ணு ஹெட்செட்டுக்கும் ரூட்டருக்கும் பாதி பாதி.

கடைசி ஞாயித்துக்கிழமை அக்கா பையனையும் கூட்டிட்டு போயிருந்தேன். என்ன விட நல்லா ஆடறவன், எனக்கு எதுக்கு நோட்டுன்னு மொரண்டு புடிச்சான், அந்த பொண்ணு ஒண்ணும் சொல்லாம நோட்ட மட்டும் வச்சுட்டு போச்சு. திரும்பி வந்து எடுத்து பாத்தா மூணாவது கட்டத்துல மேல இருந்து கீழ வரைக்கும் "லேக்", "லேக்", "லேக்", அதாவது நெட்டு இழுக்குதாம். சிவப்பு பேனால எல்லாத்தையும் அடிச்சுட்டு "பிங் 34 தம்பி, திரும்ப எழுது"ன்னு போட்டு குடுத்துச்சு. பஸ்ல கன்னியக்கோயில் வர வரைக்கும் பேசவே இல்ல. அப்புறம் அவனே, "மாமா, நானும் ரீலோட் பண்றேன் மாமா"ன்னான். வர்ற சனிக்கிழமை 10 மணிக்கு ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கேன், 7ம் நம்பர் இல்லாம.